கீரை வண்டியின் சிவப்பு லைட்

1

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதையாக இருக்காது. மஸ்கட்டில் பன்னிரண்டு வருஷம் மெக்கானிக், அதில் கடைசி ஐந்து வருஷம் சூப்பர்வைசர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. இப்பேர்ப்பட்ட நான், என் சொந்த பிக்கப் வண்டியில் கெட்டுப்போகாத ஒரு சென்சாரை மூன்று முறை மாற்றினேன். முதல் முறை பெருமையாக மாற்றினேன். இரண்டாம் முறை, போலிச் சரக்கு விற்கிறான் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே மாற்றினேன். மூன்றாம் முறை மாற்றிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றிச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கினேன். லைட் மறுபடி எரிந்தது.

நம் ஊர் மன்றத்து ஆண்டு மலருக்கு வருஷா வருஷம் நான் எதையாவது எழுதி அனுப்புவதும், மேனாம்பேட்டில் நீங்கள் படித்துச் சிரிப்பதும் வழக்கம். ஒட்டகத்துக்கு ஹாரன் அடித்த கதை, ஈச்சம்பழக் கொட்டையை விழுங்கிய கதை எல்லாம் நீங்கள் படித்தவைதான். இந்த வருஷமும் செயலாளர், "தமாஷா ஒண்ணு எழுதி அனுப்பு" என்றுதான் கேட்டிருந்தார். தமாஷ் இருக்கிறது. ஆனால் கடைசிவரை தாங்குமா என்று தெரியவில்லை.

2

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பான் பிக்கப். நான் வாங்கும்போதே அதற்குப் பத்து வயது. நம் ஊர் வண்டி போலக் கார்புரேட்டர் கிடையாது. எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்யும். இன்ஜின் சூடாக இருக்கிறதா குளிர்ந்திருக்கிறதா என்று அந்தப் பெட்டிக்குச் சொல்வதற்காக, தண்ணீர் போகும் வழியில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு சென்சார் மாட்டியிருப்பார்கள். அதிலிருந்து சேதி சரியாக வராவிட்டால், மஸ்கட் வெயிலில் நின்றுகொண்டே இமயமலையில் நிற்பதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும். பெட்ரோலை வாரி ஊற்றும். வண்டி கறுப்பாகப் புகைவிடும். டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரியும்.

பெட்டியிலேயே இரண்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால், அந்த லைட் மினுக்கி மினுக்கி எங்கே கோளாறு என்று சொல்லும். நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, என் மகள் கவிதாவை ஸ்டியரிங் பக்கம் உட்காரவைத்து எண்ணச் சொன்னேன். ஒன்பது வயது.

"தோ," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தோ."

எங்கே எங்கே என்று நான் தலையை வெளியே எடுத்தேன். அம்பத்தூரில் யாராவது தோ என்றால் இதோ பார் என்று அர்த்தம். இவளுக்கு அது பள்ளிக்கூடத்து இந்தியில் இரண்டு. இரண்டு மினுக்கல், இடைவெளி, மறுபடி இரண்டு. புத்தகத்தில் பார்த்தால் தண்ணீர்ச் சூட்டு சென்சார். அதைத்தான் மூன்று முறை மாற்றினேன். மாற்றியதும் லைட் அணையும். இரண்டு நாள் கழித்து மறுபடி எரியும்.

அணைந்தால்தான் வண்டியின் பதிவைப் புதுப்பிப்பார்கள். சோதனைக்குப் போனால், சாவியைத் திருப்பியதும் லைட் எரிய வேண்டும், இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றிவிட்டாய் என்று திருப்பி அனுப்புவார்கள். அணையவில்லை என்றால் பழுது என்று திருப்பி அனுப்புவார்கள். எனக்குச் சோதனை நாள் கிடைப்பதற்குள் லைட் மறுபடி எரிந்துவிடும்; நான் இரண்டு தடவை திரும்பி வந்தேன். முதல் தடவை பதற்றத்தில், விண்ணப்பத்தில் வண்டியின் வயதை எழுத வேண்டிய இடத்தில் என் வயதை எழுதிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் என்னையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இரண்டில் எதைப் புதுப்பிக்க வேண்டும்?" என்று கேட்டார்.

கூட வேலை செய்யும் ஜோஸ் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தான். மலையாளி. சேகர் என்ற என் பெயரோடு, அண்ணன் என்பதற்கு 'ஏட்டா' சேர்த்துக் கூப்பிடுவான். என் அவஸ்தையைப் பார்த்துச் சிரித்தான்.

"சேகரேட்டா, எதுக்கு இத்தனை கஷ்டம்? இந்த லைட்டோட ஒயரை டைனமோ லைட்டோட சேத்து ஒரு கட்டு கட்டு. சாவி போட்டா ரெண்டும் எரியும். வண்டி ஸ்டார்ட் ஆனா ரெண்டும் அணையும். பாஸ்."

உங்களில் மெக்கானிக் அல்லாதவர்களுக்கு: டைனமோ லைட் என்பது பேட்டரிக்குக் கரன்ட் ஏறுகிறதா என்று காட்டும் விளக்கு. இன்ஜின் ஓடினால் அது தானாக அணையும். அதனுடன் எந்த லைட்டை முடிச்சுப் போட்டாலும் அதுவும் கூடவே அணையும். உள்ளே இன்ஜின் செத்துக்கொண்டிருந்தாலும் அணையும்.

நான் பதில் சொல்வதற்குள் கவிதா குதித்தாள்.

"அய், கேசவன் அங்கிள் ட்ரிக்! அப்பா, கேசவன் அங்கிள் மாதிரியே நீங்களும் ஏமாத்திடுங்க."

கையில் ஒயர் வெட்டும் குறடு இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டேன். பல வருஷமாக வெள்ளிக்கிழமை விருந்துகளில் நான் சொல்லும் கதை அது. எங்கள் ஊரில் கேசவன் என்று ஒருத்தன், லைட்டையே ஏமாற்றினான் என்று ஆரம்பித்து, குரலை மாற்றி நடித்துக்காட்டி, எல்லோரையும் சிரிக்கவைப்பேன். மகள் கேட்டுக் கேட்டு மனப்பாடம்.

அந்த வேலையைக் கேசவன் செய்யவில்லை. நான் செய்தேன்.

3

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் ஒரு ஷெட்டில் நானும் கேசவனும் மெக்கானிக்குகள். இரண்டு பேருக்கும் மேனாம்பேடு. இரண்டு பேருடைய அப்பன்களும் கூலிக்கு ஒரே கழனியில் இறங்கியவர்கள். கழனி பிளாட் ஆனதும் பிள்ளைகள் நாங்கள் ஸ்பேனரைப் பிடித்தோம்.

எங்கள் முதலாளிக்கு எழுத்து வேலை ஆகாது. ஷெட்டில் எந்த வேலை யார் செய்தது என்று எழுதிவைக்கக் காகிதமே கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் வைத்திருந்தார். வண்டியில் கைவைத்தவன் பானெட்டின் உள்பக்கம் சாக்பீஸால் தன் எழுத்தைப் போட வேண்டும். அவனுக்குப் பிறகு கைவைத்தவன் அதற்குக் கீழே போட வேண்டும். வண்டி கோளாறாகித் திரும்பி வந்தால் முதலாளி பானெட்டைத் தூக்குவார். கடைசி எழுத்து யாருடையதோ அவன்தான் பதில் சொல்ல வேண்டும். கேசவன் "கே". நான் "சே".

வேப்பம்பட்டிலிருந்து முனுசாமி என்று ஒரு கீரைக்காரர் வருவார். அவரிடம் ஒரு பழைய டீசல் பிக்கப். கீரைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தைக்குப் போய்விட வேண்டும். அந்த வண்டியில் ஆயில் லைட் எரிந்தது. இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிகிற சிவப்பு லைட். குளிர்ச்சியாக இருக்கும்போது அணைந்திருக்கும். சூடானதும் மினுக்க ஆரம்பிக்கும்.

ஆயில் அழுத்தத்தைப் பார்த்து லைட்டுக்குச் சொல்லும் சுவிட்ச்தான் போயிருக்கும் என்று முதலாளி சொல்ல, கேசவன் புது சுவிட்ச் மாட்டி, பானெட்டில் "கே" போட்டான். அரை மணி நேரம் ஓடவிட்டான். லைட் மறுபடி மினுக்கியது.

"மொதலாளி, லைட்டு பொய் சொல்லல. மெய்யாலுமே ஆயில் ஏறல. ஆயில் நிக்கிற அடித்தொட்டிய எறக்கிப் பாக்கணும்."

"ரெண்டு நாள் ஆவுமே. கீரை காத்துகினு இருக்குமா?"

"இன்ஜினும் காத்துகினு இருக்காதே."

முதலாளி முனகிக்கொண்டே சம்மதித்தார். தொட்டியை இறக்கினால் திரும்ப மாட்டும்போது ஆயில் கசியாமலிருக்கப் புது கேஸ்கெட் வேண்டும். அதை வாங்கிவர கேசவன் டவுனுக்குப் பஸ் ஏறினான்.

மறுநாள் எனக்கு மஸ்கட் வேலைக்கான டிரேட் டெஸ்ட். ஏஜென்ட் மூலம் வந்த வாய்ப்பு. அதற்குத் தயாராக ஷெட்டிலிருந்து சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று காலையிலிருந்தே முதலாளியைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தேன். நாலு மணிக்கு முனுசாமி வந்து நின்றார்.

"நாளைக்கு அமாவாச நைனா. அகத்திக்கீரை அத்தனையும் கட்டி வெச்சிகீறேன். வண்டிய குடுத்துடு. அந்த லைட்டு மட்டும் அணைஞ்சிட்டா போதும், பயமில்லாம ஓட்டிகினு பூடுவேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். "டேய் சேகர், ஒரு கை பாத்து அனுப்பிட்டு நீயும் கெளம்பு," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

பத்து நிமிஷ வேலை. சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட்டை டைனமோ லைட்டோடு முடிச்சுப் போட்டேன். மேலே டேப் சுற்றினேன். சாவியைத் திருப்பினேன், இரண்டும் எரிந்தன. ஸ்டார்ட் செய்தேன், இரண்டும் அணைந்தன. வாய்விட்டுச் சிரித்தேன். என் புத்திசாலித்தனத்தைப் பார்க்க ஷெட்டில் யாரும் இல்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது. முனுசாமி என் தலையைத் தொட்டு, "நல்லா இருப்பே" என்றார்.

சாக்பீஸ் பானெட்டுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. "கே"க்குக் கீழே "சே" போட வேண்டும். ரிப்பேர் செய்தவன்தானே எழுத்துப் போட வேண்டும், நான் எதையும் ரிப்பேர் செய்யவில்லையே என்று எனக்கு நானே தமாஷ் பண்ணிக்கொண்டு பானெட்டை மூடினேன்.

நான் கை கழுவும்போது கேசவன் கேஸ்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

"இன்னாடா, வண்டியக் காணோம்?"

"குட்த்தாச்சு."

"லைட்டு?"

"அணைஞ்சிட்ச்சி மச்சான். உன் சுவிட்சு கொஞ்சம் ஓடுனதும் செட் ஆய்ட்ச்சி."

அவன் முகம் மலர்ந்தது. "அப்டியா? நான்தான் வீணா பயந்துகினேனா," என்றான். அந்த முகம்தான் எனக்கு அடிக்கடி வருகிறது.

மறுநாள் டிரேட் டெஸ்ட்டில் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆயில் லைட் அணையாமல் எரிகிறது, சுவிட்ச் மாற்றியும் எரிகிறது, என்ன செய்வாய்? "வண்டியை ஓட்டக் கூடாது சார். அடித்தொட்டியை இறக்கிப் பார்க்கணும்," என்றேன். தேர்வாளர் மிகவும் நல்ல பதில் என்றார். கேசவனுடைய பதில் அது.

4

ஐந்தாம் நாள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். திருநின்றவூருக்கு இந்தப் பக்கம் ரோட்டிலேயே இன்ஜின் இறுகி, உள்ளே இருந்த ராடு உடைந்து இன்ஜினின் பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. முனுசாமிக்கு அடி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இன்ஜினுக்கு இனி உயிர் இல்லை. அதற்குப் பிறகு அவர் கீரைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் போனார் என்று கேள்விப்பட்டேன்.

முதலாளி பானெட்டைத் தூக்கினார். டேப்பைப் பிரித்தார். முடிச்சைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தார்.

"இன்னாடா கேசவா இது?"

"சுவிட்சு நான்தான் மாட்னேன் மொதலாளி. ஒயர நான் தொடல."

"உன் எழுத்துக்குக் கீழ வேற எழுத்து இல்லியே."

என்னை ஒரு கை பார்த்து அனுப்பச் சொன்னது அவரேதான்; அந்தப் பழி தன்மேல் விழாமலிருக்க, எழுத்து அவருக்கும் வசதியாக இருந்தது. கேசவன் என் பக்கம் திரும்பினான். கோபமாகப் பார்க்கவில்லை. நீயே சொல்லிவிடு என்பதுபோல் பார்த்தான். அன்றைக்கு விசா வருவதற்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. முதலாளி கையெழுத்துப் போட்ட அனுபவச் சான்றிதழ். அது அவர் மேஜை டிராயரில் டைப் அடித்துத் தயாராக இருந்தது, கையெழுத்து மட்டும் இல்லை.

ஷெட்டில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. வாய் காய்ந்தால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். தமாஷ் பண்ணுவேன்.

"வுடு மொதலாளி," என்றேன். "இனிமே எந்த வண்டில லைட்டு எரிஞ்சாலும் கவல இல்ல. நம்ம லைட்டு கேசவனக் கூப்ட்டா போதும், ஊதியே அணைச்சிடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிகூடச் சிரித்தார். கேசவன் மட்டும் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அன்று மாலை அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மறுவாரம் என் சான்றிதழில் கையெழுத்து விழுந்தது.

அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஆவடி, பூந்தமல்லி, வானகரம் என்று எந்த ஷெட்டுக்கு வேலை கேட்டுப் போனாலும் அவனுக்கு முன்னால் அது போய் உட்கார்ந்திருந்தது. லைட்டைக் கட்டிவிட்டு இன்ஜினைக் கொன்றவன் என்று யார் அவனை நம்பி பானெட்டைத் திறந்துவிடுவார்கள்? என்னைவிட நூறு மடங்கு நல்ல மெக்கானிக் கடைசியில் பஞ்சர் கடை போட்டான். நான் மஸ்கட் சென்ட் வாசனையோடு விடுமுறைக்கு வருவேன், அவன் கடை இருக்கும் தெருவை விட்டு அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவேன். என்னடா சுற்று வழி என்று கேட்டவர்களிடம், தொப்பை குறைய நடக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

5

ஜோஸை டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். சென்சாரை விட்டுவிட்டு, கேசவன் இருந்தால் எப்படிப் பார்ப்பான் என்று யோசித்தேன். சேதி சொல்லும் ஆள் மீது சந்தேகப்படுவதற்கு முன், அவன் சொன்னது வந்து சேரும் வழியைப் பார்ப்பான்.

மாற்றி எறிந்த சென்சார்களை எல்லாம் தேடி எடுத்து, டீ போடும் கெட்டிலில் போட்டுக் கொதிக்கவைத்து மீட்டரில் அளந்தேன். எல்லாமே சரியாக இருந்தன. என் மனைவி விமலா அந்தக் கெட்டிலை இன்றுவரை சமையலறைக்குள் விடவில்லை. பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டு, சென்சாரிலிருந்து பெட்டிவரை ஜாண் ஜாணாக அசைத்து அசைத்துப் பார்த்தேன். நாலு வெள்ளிக்கிழமை ஆயிற்று. நாலாவது வெள்ளிக்கிழமை, பேட்டரி உட்காரும் தகட்டுக்கு அடியில், ஒயர்கள் சேர்ந்து வளைந்து போகும் இடத்தில், மேல்தோல் உரசித் தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்து, இரண்டு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. குளிர்ந்திருந்தால் தொடும். சூட்டில் விலகும். அவ்வளவுதான் வியாதி. ஒரு விரல் நீளத்துக்குப் புது ஒயர் வைத்து, பற்றவைத்து, உறை மாட்டினேன். லைட் அணைந்தது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன், எரியவில்லை. சோதனையிலும் தேறிவிட்டது. கவுன்ட்டரில் அதே ஆள், "நீயும் பாஸ்" என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்: என் வண்டிக்கு நாலு வெள்ளிக்கிழமை கொடுத்திருக்கிறேன். கேசவன் கீரை வண்டிக்குக் கேட்டது இரண்டு நாள்.

அன்று சாயங்காலம் கவிதாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அந்தக் கதையில் வருகிற கேசவன் அங்கிள் உண்மையில் நான்தான் என்று சொன்னேன். பழியை அவர் மேல் போட்டேன் என்றும், அதனால் அவருக்கு வேலை போனது என்றும் சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்ப அது ஜோக் இல்லையா?"

"இல்லம்மா."

"நீங்க சொன்ன எல்லா ஜோக்கும் இப்படித்தானா?"

ஒட்டகக் கதை நிஜம் என்று சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

6

இந்த விடுமுறையில் சுற்று வழியை விட்டேன். நேராக அந்தத் தெருவிலேயே போனேன்.

கடை என்று சொன்னால் நாலு கம்பு, ஒரு தகரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கும் பம்பு. கேசவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு ட்யூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி தேடிக்கொண்டிருந்தான். தலை பாதி வெளுத்துவிட்டது. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் இறங்காமலேயே, "லைட்டண்ணே, பின்னால கொஞ்சம் காத்து" என்றார். அவன் அந்தப் பெயருக்கே எழுந்து போய் அடித்துவிட்டு வந்தான். வரும்போது என்னைப் பார்த்துவிட்டான்.

"இன்னா மாமே, மஸ்கட்டு. தொப்ப போட்டுகீற."

"நீ எளச்சிகீற."

"என் சதை உன்கிட்ட வந்துட்ச்சி போல. குந்து."

ஒரு டயரின் மேல் உட்கார்ந்தேன். விமானத்தில் வரும்போதே பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆரம்பத்தில் ஒரு தமாஷ்கூட இருந்தது. அவன் குமிழி வந்த இடத்தில் பென்சிலால் குறி போட்டு, ட்யூபைத் துடைத்தான். தமாஷ் மறந்துபோயிற்று.

"கேசவா, அந்தக் கீரை வண்டி."

"ம்."

"டைனமோ லைட்டோட முடிச்சு போட்டது நான்தான்டா."

அவன் உப்புத்தாள் எடுத்து, குறி போட்ட இடத்தைத் தேய்த்தான்.

"எழுத்தும் போடல. மொதலாளி கேட்டப்ப, சர்ட்டிபிகேட்டு போயிடும்னு பயந்துகினு வாயத் தொறக்கல. அந்தப் பேர வெச்சதும் நானு. அது மட்டும் இல்ல. என் பொண்ணுகிட்டகூட நீதான் பண்ணன்னு சொல்லி வெச்சிருந்தேன்."

உப்புத்தாள் நின்றது. ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மறுபடி தேய்த்தான்.

"போன மாசம் அவகிட்ட உண்மையச் சொல்லிட்டேன்," என்றேன் அவசரமாக. "இப்ப உன்கிட்டயும் சொல்லிட்டேன். திட்டுடா. நாலு சாத்து வேணா சாத்து. பன்னண்டு வருஷமா உன்கிட்ட சொல்லணும் சொல்லணும்னு அறுத்துகினே இருந்துது."

அவன் பசை தடவினான். காயும்வரை ஊதினான். ரப்பர் துண்டை ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினான். நான் டயரிலிருந்து எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன். அவன் ஒட்டிய இடத்தைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தான். குமிழி வரவில்லை. ட்யூபை உதறினான்.

"நான் பண்லன்னு எனக்குத் தெரியும்டா, ஊருக்குச் சொல்லு."